600 வருடப் பழமை என்று சொல்லும் ஆங்கிலக் கிராமத்து பப்: கட்டடத்தை எப்படிப் படிப்பது?

நீங்கள் படம் போட்டிருப்பது, தென்மேற்கு இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியின் நார்ட்டன் செயின்ட் பிலிப் கிராமத்தில் உள்ள 'ஜார்ஜ் இன்' பப். “1397 முதல் உரிமம் பெற்று நடக்கிறது என்கிறார்கள். கீழ்த்தளம் கல், மேலே மரமும் மண்ணும். இப்படிக் கட்டியது 600 வருடம் நிற்குமா, இல்லை சுற்றுலாவுக்காகப் பழசு மாதிரி ஜோடித்ததா? நேரில் போனால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கட்டடத்துக்கு எத்தனை வயது, அதில் மது விற்கத் தொடங்கி எத்தனை காலம், இன்று கண்ணுக்குத் தெரியும் தோற்றம் எப்போது வந்தது. மூன்றுக்கும் ஒரே ஆண்டு பதிலாக வந்த பப்பை நான் பார்த்ததில்லை. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞன் நான். இங்கிலாந்தில் மரச்சட்டக் கட்டடங்களைச் செப்பனிடுவதுதான் என் தொழில், அதில் கிராமத்து பப்கள் நிறைய வரும். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஜார்ஜைப் பற்றி. அது ஜோடனை கிடையாது. பக்கத்தில் ஹின்டன் சார்ட்டர்ஹவுஸ் என்ற ஊரில் 1232இல் கார்த்தூசியத் துறவிகளின் மடம் ஒன்று தொடங்கப்பட்டது. நார்ட்டன் செயின்ட் பிலிப் அந்த மடத்தின் ஊர். அங்கே கூடிய சந்தைகளில் கம்பளியும் துணியும் பெரிய வியாபாரம். வரும் வியாபாரிகள் தங்கவும், சரக்கை வைக்கவும் மடம் கட்டிக்கொடுத்த சத்திரம்தான் இது. கீழ்த்தளக் கல்வேலை 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, மேலே உள்ள மரச்சட்ட வேலை 15ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. பின்பக்கம் முற்றம், முற்றத்தைப் பார்த்தபடி வெளித்தாழ்வாரம். ஆக, சத்திரமாகவே திட்டமிட்டு எழுப்பிய கட்டடம், இன்றும் அதே தொழிலில் இருக்கிறது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1668 ஜூனில் பாத் நகரத்துக்குப் போகும் வழியில் இந்த ஊரில் நன்றாகச் சாப்பிட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உச்ச வகுப்பான முதல் வகுப்பில் இது இருக்கிறது. கிராமத்து பப்களில் மிகச் சிலவற்றுக்கே அந்த இடம் கிடைத்திருக்கிறது.

ஆனால் '1397 முதல் உரிமம்' என்ற வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏல் என்ற பழைய வகை பீரை விற்கும் கடை நடத்த நீதிபதிகளிடம் உரிமம் வாங்க வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் வந்ததே 1552இல்தான், ஆறாம் எட்வர்டு காலத்தில். அதற்கு முன்பு ஏலின் விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்தும் விதிகள் இருந்தன, இன்று நாம் புரிந்துகொள்ளும் பொருளில் உரிமம் இருக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டிலேயே அங்கே பயணிகளுக்கு உணவும் பானமும் கிடைத்திருக்கும் என்பதை நான் முழுக்க ஏற்கிறேன். அதை உரிமம் என்ற சொல்லால் சொல்லும்போதுதான் கணக்கு இடிக்கிறது.

இந்த விஷயத்தில் ஜார்ஜ் எவ்வளவோ மேல். நாட்டிங்ஹாம் நகரில் ஒரு பப்பின் சுவரில் 1189 என்று பெரிய எழுத்தில் இருக்கும். கோட்டைப் பாறையைக் குடைந்த குகைகளோடு ஒட்டி நிற்கும் அருமையான இடம் அது. ஆனால் நிற்கும் கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் 'ஃபைட்டிங் காக்ஸ்' என்ற எண்கோணக் கட்டடம் 8ஆம் நூற்றாண்டைச் சொந்தம் கொண்டாடும். அதன் மரச்சட்டம் மடத்துக்குச் சொந்தமான புறாக் கூண்டாக இருந்து, மடம் கலைக்கப்பட்ட பிறகு இடம் மாற்றி நிறுத்தப்பட்டது. நாட்டின் மிகப் பழைய பப் எது என்ற பிரிவையே கின்னஸ் 2000இல் கைவிட்டுவிட்டது. சரிபார்க்க வழியில்லாத போட்டி என்பதால், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அடுத்து, நான் முக்கியமாகக் கருதும் விஷயம். ஜார்ஜ் போலச் சத்திரமாகவே பிறந்த கிராமத்து பப்கள் குறைவு. பெரும்பாலானவை விவசாயி வீடாகவோ, கொல்லன் பட்டறையாகவோ, தேவாலயத்துக்குச் சொந்தமான வீடாகவோ இருந்து, பிறகு பப் ஆனவை. இதற்கு மிகச் சிறந்த உதாரணம் வுஸ்டர்ஷயர் பகுதியில் பிரெட்ஃபோர்ட்டன் கிராமத்தின் 'ஃபிளீஸ் இன்'. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர்களும் மாடுகளும் ஒரே நீளக் கூரையின் கீழ் வாழ்ந்த விவசாய வீடாக அது கட்டப்பட்டது. 1848இல்தான் பப் ஆனது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் வீடு, பப்பாக இருந்தது இருநூறு ஆண்டுகூட இல்லை! வீட்டைக் கட்டிய குடும்பத்தின் வழியில் வந்த லோலா டாப்ளின் என்ற அம்மையார் 1977இல் இறக்கும்போது, மாற்றாமல் பப்பாகவே நடத்த வேண்டும் என்று சொல்லி, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிவைத்துவிட்டார். 2004இல் கூரை வைக்கோலில் தீப்பிடித்தபோது ஊர்மக்கள் வரிசையாக நின்று உள்ளே இருந்த பழைய பாத்திரங்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். கூரையைச் செப்பனிட்டு அடுத்த ஆண்டே திறந்தார்கள்.

1848 என்ற ஆண்டுக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. 1830இல் பீர்க்கடைச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஜின் குடித்து மக்கள் சீரழிகிறார்கள், பீர் அதைவிடப் பரவாயில்லை என்று அரசு நினைத்தது. வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் இரண்டு கினி (அன்றைய ஆங்கிலப் பணம்) கட்டணம் செலுத்தித் தன் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம் என்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரம் வீடுகளின் முன்னறைகள் பீர்க்கடைகளாக மாறின. 'பழைய பப்' என்று நாம் சொல்லும் பல கட்டடங்களுக்குள் வீட்டுக் கூடம், சமையலறை, பால் அறை என்ற அமைப்பு அப்படியே இருப்பது இதனால்தான். ஒரு பப்பின் உள்ளமைப்பு புரியவில்லையென்றால், மனதுக்குள் மேசைகளை எல்லாம் எடுத்துவிட்டு அதை ஒரு விவசாயி வீடாகக் கற்பனை செய்து பாருங்கள். எல்லாம் இடத்தில் உட்காரும்.

சரி, மரம் 600 வருடம் நிற்குமா? நிற்கும், தண்ணீர் தேங்காமல் இருந்தால். ஓக் மரத்தின் நடுப்பகுதி, அதாவது வைரம் பாய்ந்த பகுதி, டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்தது. பூஞ்சையும் புழுவும் எளிதில் அண்டாது. வெளிவட்டமான வெள்ளைமரம்தான் முதலில் அரிக்கப்படும். அன்றைய தச்சர்கள் ஓக்கைக் காயவைத்துப் பயன்படுத்தவில்லை. வெட்டிய சூட்டோடு பச்சை மரத்திலேயே வேலை செய்தார்கள், காய்ந்த ஓக் இரும்பு மாதிரி உளியை மழுக்கிவிடும். ஒரு கட்டையில் நாக்கு, எதிர்க்கட்டையில் துளை, இரண்டையும் ஊடுருவி ஒரு ஓக் முளை. அந்த முளைக்கான ஓட்டைகளை வேண்டுமென்றே சற்று விலக்கித் துளைப்பார்கள். முளையை அடித்து இறக்கும்போது அது இரண்டு கட்டைகளையும் இழுத்து நெருக்கிப் பூட்டிவிடும். பச்சை மரம் காயக் காய இணைப்பு இன்னும் இறுகும். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல் முழுச் சட்டமும் நிற்கும். காயும்போது மரம் முறுக்கிக்கொள்வதால்தான் சட்டங்கள் நெளிந்தும் தளங்கள் சரிந்தும் தெரிகின்றன. அந்த நெளிவின் பெரும்பகுதி, கட்டிய முதல் சில பத்தாண்டுகளிலேயே நடந்து முடிந்தது.

இந்த வேலையின் கையெழுத்தை இன்றும் பார்க்கலாம். சட்டம் முழுவதையும் தச்சர் தன் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, பிறகு கழற்றி வண்டியில் ஏற்றி மனைக்குக் கொண்டுபோவார். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொரு இணைப்பிலும் இரு கட்டைகளிலும் ஒரே எண்ணைக் கீறி வைப்பார். ரோமன் எண்கள்தான், உளியால் நேர்கோடு கீறுவது எளிது என்பதால். நான்கு என்பதைப் புத்தகத்தில் இருப்பது போல எழுதாமல் நான்கு கோடுகளாகவே போட்டிருப்பார்கள். தலைகீழாகப் பார்த்தாலும் குழப்பம் வராது. ஒரு தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக ஒளி விழும்போது தெரியாத கோடுகள், சாய்ந்த ஒளியில் நிழலோடு எழுந்து வரும். அடுத்தடுத்த தூண்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை சரியாக இருந்தால் அந்தச் சுவர் எழுப்பிய நாள்முதல் அங்கேயே நிற்கிறது. வரிசை உடைந்தால் யாரோ இடையில் கைவைத்திருக்கிறார்கள்.

சட்டங்களுக்கு இடையே உள்ள கட்டங்களை நிரப்பியது மண்தான். ஓக் குச்சிகளை நட்டு, ஹேசல் என்ற புதர்மரத்தின் விளார்களைக் கூடை முடைவது போலப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இரு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். இது பலவீனமான வேலை என்று நினைக்காதீர்கள். மழையில் நனைந்தாலும் வெயிலும் காற்றும் பட்டதும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சட்டம் சற்று அசைந்தாலும் கூடவே அசைந்து கொடுக்கும். இந்தக் கட்டடங்களுக்குப் பெரிய கேடு செய்தது 20ஆம் நூற்றாண்டின் சிமென்ட். விரிசலை அடைக்கிறேன் என்று சிமென்ட் பூசினார்கள். மரம் சுருங்கி விரியும், சிமென்ட் விரியாது. இடையே மயிரிழை அளவு வெடிப்பு விழும், மழைநீர் உள்ளே போகும், வெளியேற வழி இருக்காது. ஒரு கிராமத்து பப்பில் சாலையோரச் சுவரின் சிமென்டை நாங்கள் கொத்தி எடுத்தோம். வெளியிலிருந்து கறுப்பு வர்ணத்தோடு கம்பீரமாக இருந்த அடிச்சட்டத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் கைப்பிடி வரை இறங்கியது. உள்ளே இருந்தது ஈரத்தூள். ஒரு கை உயரம் மேலே, சிமென்ட் படாத இடத்தில், அதே மரம் உளியை ஏற்க மறுத்தது. 15ஆம் நூற்றாண்டு மரத்தை முடித்தது நாற்பது ஐம்பது வருடச் சிமென்ட். சுண்ணாம்புச் சாந்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் எங்கள் தொழிலில் பாதி வேலை, அதில் எனக்குச் சமரசமே கிடையாது.

கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர் என்ற தோற்றத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடலாம். அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ரசனை. தாரும் கறுப்பு வர்ணமும் அடிப்பது பரவலானது அப்போதுதான். அதற்கு முன்பு ஓக் தானாக வெளிறிச் சாம்பல் நிறமாக இருக்கும். மண் கட்டங்களுக்கு அடித்த சுண்ணாம்பில் அந்தந்த ஊர்க் காவி, மஞ்சள் மண் கலந்திருக்கும். சில பகுதிகளில் சட்டத்துக்கும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். ஆகவே படத்தில் நீங்கள் 'பழமை' என்று பார்த்த நிறம்தான் அந்தக் கட்டடங்களில் மிகவும் புதியது. இன்று செப்பனிடும்போது கறுப்பைச் சுரண்டி எடுக்கலாமா என்று கேட்பார்கள். மணல் வீசிச் சுரண்டினால் உளித்தடமும் தச்சர் குறிகளும் சேர்ந்தே போய்விடும் என்பதால் நான் கூடாது என்பேன்.

மேல்மாடி கீழ்த்தளத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஏன் என்பதில் மட்டும் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நகரத்தில் இடம் பற்றாக்குறை என்று சொல்வார்கள், ஆனால் பரந்த வயலுக்கு நடுவே நிற்கும் கிராமத்து வீட்டிலும் இந்த நீட்டல் உண்டு. நீட்டிய முனையில் மாடிச் சுவரின் பாரம் இறங்குவதால் தளத்தின் நடுப்பகுதி தொய்யாது என்பது பொறியியல் விளக்கம். கீழ்ச்சுவர் மழையில் நனையாது என்பது இன்னொன்று. எனக்கு அதிகம் பொருத்தமாகப் படுவது, அது வசதியைக் காட்டும் வழி என்பதுதான். இத்தனை ஓக் வாங்கவும் இந்த வேலை தெரிந்த தச்சரை அமர்த்தவும் என்னால் முடியும் என்று தெருவுக்குச் சொல்வது. கிழக்கு இங்கிலாந்தில் தேவைக்கு மேல் தூண்களை நெருக்கி நெருக்கி நிறுத்தியதற்கும் இதே காரணத்தைச் சொல்கிறார்கள். தாங்குவதற்கு அத்தனை தூண் தேவையே இல்லை.

இனி உள்ளே வருவோம். தாழ்ந்த கூரையைக் கண்டதும் எல்லோரும் சொல்வது, “அந்தக் காலத்து மனிதர்கள் குள்ளம்.” சரியில்லை. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலில் கிடைத்த மாலுமிகளின் எலும்புகளை அளந்ததில் சராசரி உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம். உண்மையான காரணம் வேறு. 15ஆம் நூற்றாண்டு வீட்டின் நடுக்கூடத்துக்கு மாடியே கிடையாது. தரையிலிருந்து கூரை முகடு வரை திறந்த வெளி. கூடத்தின் நடுவில் தரையிலேயே தீ மூட்டுவார்கள், புகைபோக்கி கிடையாது. புகை மேலே எழும்பி, வேய்ந்த கூரையின் இடுக்குகள் வழியாகவும் முகட்டுத் திறப்பு வழியாகவும் மெல்ல வெளியேறும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செங்கல் மலிவாகி, கிராமத்தினரும் புகைபோக்கி கட்டத் தொடங்கினார்கள். புகைக்கு வழி பிறந்ததும் கூடத்துக்கு மேலே இருந்த வெற்றிடம் வீணாகத் தெரிந்தது. நடுவில் ஒரு தளத்தைச் செருகி ஒரு கூடத்தை இரண்டு மாடியாக்கினார்கள். இருந்த உயரத்தையே இரண்டாகப் பங்கிட்டதால் இரண்டும் தாழ்ந்து போயின. கூடம் சின்னதாக இருந்தால் சீக்கிரம் சூடாகும் என்பதும் அவர்களுக்கு வசதி.

இதற்கான சாட்சி பரணில் இருக்கும். பொதுமக்களை அங்கே விடமாட்டார்கள், ஆனால் பப் நடத்துபவரிடம் கேட்டால் சிலர் ஏணி போட்டுக் காட்டுவார்கள். கூரையின் கைமரங்களில் விளக்கைப் பாய்ச்சினால் ஒரு பகுதியில் மட்டும் மரம் கரி பூசியது போல மினுமினுப்பான கறுப்பாக இருக்கும். நூறு இருநூறு ஆண்டுப் புகை படிந்த படலம் அது. விரலால் தேய்த்தால் உதிராது. அடுத்த பகுதியில், மெல்லிய தடுப்புக்கு அப்பால், மரம் இயல்பான பழுப்பில் இருக்கும். கறுப்பு எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவே பழைய கூடத்தின் எல்லை. எந்தப் பெயர்ப்பலகையையும்விட இந்தக் கறுப்பை நான் நம்புகிறேன். கீழே குடிப்பவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரிய அடுப்பும், அதன்மேல் குறுக்கே கிடக்கும் தடித்த ஓக் உத்தரமும், கட்டடம் எழும்பி நூறு ஆண்டுக்குப் பிறகு வந்து சேர்ந்தவை என்பதும் இதிலிருந்து தெரிந்துவிடும்.

பப்பின் அடையாளமே என்று நாம் நினைக்கும் நீண்ட பார் கவுன்டரும் மிகப் பின்னால் வந்ததுதான். ஜோசப் பிரமா பீரைக் கீழறையிலிருந்து மேலே இறைக்கும் கைப்பம்புக்கு 1797இல் காப்புரிமை வாங்கினார். பம்பை ஓரிடத்தில் பதிக்க வேண்டியிருந்ததால், அதைச் சுற்றி மேசை, மேசைக்கு இந்தப்பக்கம் வாடிக்கையாளர் என்ற ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு முன்பு வீட்டுக்காரரோ வேலைக்காரப் பெண்ணோ பீப்பாய் அறைக்குப் போய் ஜாடியில் பிடித்து வந்து கொடுப்பார். சஃபோக் பகுதியில் லாக்ஸ்ஃபீல்டு கிராமத்தின் 'கிங்ஸ் ஹெட்' பப்பில் இன்றும் கவுன்டர் கிடையாது. பீப்பாயிலிருந்து நேரடியாகப் பிடித்துத் தருகிறார்கள். முதுகுப்பலகை ஆளுயரம் இருக்கும் நீண்ட மரப்பெஞ்சுகள் அடுப்பைச் சுற்றி இருக்கும். கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் அடிக்கும் குளிர்காற்றைத் தடுக்கவே அந்த உயரம். இப்படி மாறாத உள்ளறைகளைத் தேடித் தேடி காம்ரா என்ற பீர் ஆர்வலர் அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வெளிச்சுவரை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்த எங்கள் துறைக்கு அந்தப் பட்டியல் செய்த உதவி பெரிது.

பப்பில் சொல்லப்படும் கதைகளில் எதை நம்பலாம்? 'இந்த உத்தரங்கள் பழைய போர்க்கப்பலிலிருந்து வந்தவை' என்பது ஏறக்குறைய எல்லா பப்பிலும் கேட்கும் கதை, ஏறக்குறைய எல்லா இடத்திலும் தவறு. மரத்தில் காரணமில்லாமல் காலித் துளைகள் இருப்பதால் அந்தக் கதை பிறக்கிறது. அவை பிற்காலத்தில் எடுக்கப்பட்ட தடுப்புச் சுவரின் துளைகளாகவோ, இடித்த இன்னொரு வீட்டின் மரத்தை மறுபடி பயன்படுத்திய அடையாளமாகவோ இருக்கும். கடலிலிருந்து வெகுதூரம் உள்ள கிராமத்துக்கு அத்தனை பாரமான மரத்தை வண்டியில் இழுத்துவர யாருக்கும் அவசியம் இருந்திருக்காது, பக்கத்துக் காட்டிலேயே ஓக் இருந்தது. தேவாலயத்துக்குப் போகும் ரகசியச் சுரங்கம் என்பதும் பெரும்பாலும் வடிகாலாகவோ அடைத்த பீப்பாய் அறையாகவோ முடியும். ஆனால் சூனியக்காரிகளை விரட்டும் குறிகள் என்று சொல்வதை எளிதில் ஒதுக்காதீர்கள். அடுப்பு உத்தரத்தில் காம்பஸால் கீறிய ஆறிதழ்ப் பூ வட்டங்கள், மெழுகுத்திரியைச் சாய்த்துப் பிடித்துச் சுட்ட கண்ணீர்த்துளி வடிவத் தழும்புகள் போன்றவை ஏராளமான வீடுகளில் உண்மையாகவே இருக்கின்றன. கதவு, சன்னல், புகைபோக்கி என்று வெளியிலிருந்து ஏதாவது நுழையக்கூடிய இடங்களில்தான் அதிகம். ஃபிளீஸ் பப்பில் அடுப்பு முன்னால் தரைக்கல்லில் வெள்ளை வட்டங்கள் வரைந்திருப்பார்கள், அதுவும் இந்த நம்பிக்கையில் வந்ததுதான். குறிகள் இருப்பது உறுதி. ஒவ்வொன்றையும் வரைந்தவர் காவலுக்காகத்தான் வரைந்தார் என்பது அனுமானம்.

வயதை உறுதியாகச் சொல்ல ஒரே நல்ல வழி மரவளையக் கணிப்பு. பென்சில் தடிமனுக்கு ஒரு துண்டைத் துளைத்து எடுத்து, வளையங்களின் அகல வரிசையை அந்தப் பகுதியின் காலவரிசையோடு ஒப்பிடுவார்கள். பட்டை ஒட்டியிருந்த கடைசி வளையம் வரை கிடைத்தால், மரம் எந்தக் குளிர்காலத்தில் வெட்டப்பட்டது என்றே சொல்லிவிடலாம். பச்சை மரத்திலேயே வேலை செய்தார்கள் என்பதால் கட்டிய காலம் அதற்கு ஒன்றிரண்டு ஆண்டுக்குள் இருக்கும். பட்டையோரம் செதுக்கப்பட்டிருந்தால் துல்லியம் குறையும். ஆங்கில ஓக்கில் வெள்ளைமர வளையங்கள் பொதுவாக 9 முதல் 41 வரை இருக்கும் என்ற கணக்கை வைத்து ஒரு கால எல்லையைத்தான் தர முடியும். வேகமாக வளர்ந்த மரத்தில் ஐம்பது வளையம்கூட இருக்காது, அப்போது ஒப்பிடவே முடியாமல் போகலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை மரம் வெட்டிய காலத்தைச் சொல்லும், அந்த வீட்டில் முதல் ஏல் எப்போது விற்றது என்று சொல்லாது. அதற்கு ஆவணங்களைத்தான் தேட வேண்டும். பல ஊர்களில் 1550க்குப் பிந்திய நீதிமன்றப் பதிவுகளிலிருந்துதான் தெளிவான தடயம் தொடங்கும்.

ஜோடனையான பப்களும் உண்டு என்பதால் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். 1920களிலும் 30களிலும் கார்கள் பெருகியபோது, பீர் நிறுவனங்கள் நெடுஞ்சாலையோரம் பழைய பாணியில் பெரிய பப்களைக் கட்டின. செங்கல் சுவரில் மரப்பலகைகளை ஒட்டிய வேலை அது. கட்டடத்தின் மூலைக்குப் போய்ப் பாருங்கள். உண்மையான சட்டமென்றால் மூலையில் ஒரே தடித்த தூண் நின்று இரு பக்கமும் முகம் காட்டும். ஒட்டியதென்றால் இரண்டு பலகைகளின் விளிம்புகள் சந்திக்கும். இணைப்புகளில் முளைத் தலைகள் இருக்கின்றனவா, தூண்களின் அகலம் ஒன்றுக்கொன்று மாறுகிறதா என்று பாருங்கள். எதிர்த்திசை ஏமாற்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மரவீடு நாகரிகமற்றது என்று நினைத்துப் பலர் முகப்பில் மட்டும் செங்கல் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். முன்னால் பார்த்தால் நேர்த்தியான ஜார்ஜியன் (18ஆம் நூற்றாண்டுப் பாணி) வீடு, பக்கச் சந்தில் நுழைந்தால் 15ஆம் நூற்றாண்டு. அதனால் எந்தப் பழைய பப்புக்குப் போனாலும் முன்வாசலுக்கு முன் பின்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். பணம் செலவழித்து மாற்றியது எப்போதும் முகப்பைத்தான்.

கடைசியாக, நெளிந்து சாய்ந்து நிற்பது ஆபத்தில்லையா என்று கேட்கத் தோன்றும். பழைய சாய்வு ஆபத்தில்லை, புதிய அசைவுதான் ஆபத்து. பூச்சில் புதிதாக விழும் வெடிப்பு, முளை நழுவி இணைப்பில் தெரியும் வெளிறிய புது மரம், அடிச்சட்டத்தருகே தொடர்ந்து ஈரம், இவற்றைப் பார்த்தால் நாங்கள் உடனே வெடிப்பின் அசைவைக் காட்டும் அளவுக் கண்ணாடிகளைப் பதித்து மாதக்கணக்கில் கண்காணிப்போம். ஆனால் இந்தக் கட்டடங்கள் அழிவது பெரும்பாலும் சாய்வால் நடப்பதில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயரில் 'க்ரூக்கட் ஹவுஸ்' என்று 1765இல் கட்டிய விவசாய வீடு ஒன்று பப்பாக இருந்தது. அடியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் இறங்கி, பார்ப்பவர் தலை சுற்றும் அளவு சாய்ந்தபடியே தலைமுறைகளாக நின்றது. 2023 ஆகஸ்டில் தீப்பிடித்தது, இரண்டே நாளில் இடித்துத் தள்ளப்பட்டது. அது பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத கட்டடம். திரும்பக் கட்டச் சொல்லி உள்ளூர் நிர்வாகம் 2024இல் உத்தரவிட்டது. பட்டியலில் உள்ள கட்டடமாக இருந்தால், அனுமதியில்லாமல் ஒரு கதவை மாற்றினால்கூடக் குற்றவியல் வழக்கு வரலாம். நீங்கள் கேட்ட ஜார்ஜுக்கும் ஃபிளீஸுக்கும் அந்தக் காவல் இருக்கிறது, ஊரில் இன்னும் பட்டியல் ஏறாத பழைய பப் ஏதாவது கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் பழைய கட்டடங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு பரணின் படத்தையும் பின்சுவரின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முகப்புப் படத்தைவிட அவைதான் முடிவெடுக்க உதவும்.